விடை வேண்டாம், வழி சொல்லுங்கள்

(இணையவழி நேரலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

ரொறன்ரோவில் இப்போது காலை, லண்டனில் பின்னேரம், சிட்னியில் நள்ளிரவு தாண்டியிருக்கும். தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கிற சிட்னி நண்பர்களுக்கு முதல் நன்றி. ஒருங்கிணைப்பாளர் என்னை அழைத்து, "அண்ணை, நீங்கள் வாசித்ததில் எதைப் பற்றி வேண்டுமானாலும் கதையுங்கோ" என்று சொன்னார். நான் நாவலைப் பற்றியோ கவிதையைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். என் வாழ்க்கையில் நான் ஆக அதிகமாக வாசித்தது பத்திரிகையின் கடைசிப் பக்கத்திலிருந்த ஒரு கட்டம். பதினைந்துக்குப் பதினைந்து. கறுப்பும் வெள்ளையும். அதைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப்போகிறேன்.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. கடைக்காரன். லண்டனின் தெற்கு ஓரத்தில் பதினெட்டு வருடம் மூலைக்கடை ஒன்று நடத்தினேன். பால், பாண், சிகரெட், லொத்தர், பத்திரிகை. உங்களில் பலருக்கு அந்த வாழ்க்கை தெரியும். காலை நாலரைக்குக் கடை வாசலில் பத்திரிகைக் கட்டுகள் விழுந்திருக்கும். பிளாஸ்டிக் பட்டியைக் கத்தியால் அறுத்து, எண்ணிப் பார்த்து, சனிக்கிழமையென்றால் இணைப்பிதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே செருகி, வீட்டுக்குப் போகிற பிரதிகளின் மேல்மூலையில் வீட்டு இலக்கத்தைப் பென்சிலால் எழுதி, பையன்கள் வரும்போது பைகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும். மாலையில் விற்காததைக் கட்டி வாசலில் வைக்க வேண்டும். பத்திரிகை என்றால் அந்த நாளில் எனக்கு அது ஒரு பாரம். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

காலை ஆறு நாற்பதுக்கு ஒருவர் வருவார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வெள்ளைக்காரர், உயரமானவர், தனி ஆள். எங்கள் ஊரில் ஆசிரியரைச் 'சேர்' என்போம். நானும் மனதுக்குள் அவரைச் சேர் என்றே கூப்பிட்டேன். இன்றைக்கும் அப்படியே சொல்கிறேன், பெயர் வேண்டாம். பத்திரிகையை வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நின்றபடியே ஒரு பார்வை பார்ப்பார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விடுவார். கிட்டத்தட்ட ஒரு வருடம் எங்களுக்குள் "குட் மோர்னிங்" தவிர வேறு பேச்சில்லை.

ஒருநாள் பணம் கொடுத்துவிட்டு அவர் போகவில்லை. "உங்களிடம் ஓர் உதவி கேட்கலாமா? ஒரு படகு. ஒன்பது எழுத்து. உங்கள் பக்கத்துப் படகு என்று நினைக்கிறேன்" என்றார். எனக்கு வள்ளம், தோணி, கட்டுமரம் எல்லாம் வாயில் வந்தது. ஒன்பது எழுத்துக்கு எதுவும் பொருந்தவில்லை. "கட்டுமரம்" என்று நான் சத்தமாகச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. பேப்பரின் ஓரத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார்: கேட்டமரான். ஆங்கில எழுத்தில் சரியாக ஒன்பது. பிறகு அதை நாலு துண்டாக வெட்டினார். கேட், எ, மா, ரேன். பூனை, ஒரு, அம்மா, ஓடினாள். "பூனையோடு ஓர் அம்மா ஓடினாள், கிடைத்தது படகு. குறிப்பு இவ்வளவுதான்" என்றார். எனக்குத் தலை சுற்றியது. எங்கள் கடற்கரையில் நாலு மரத்தை வைத்துக் கட்டிய சாமான், இங்கே ஆங்கிலத்தில் நாலு சொல்லை வைத்துக் கட்டி நிற்கிறது.

அன்றையிலிருந்து நான் கட்டத்துக்குள் விழுந்தேன்.

இந்த விளையாட்டுக்குப் பெரிய வயதில்லை, நண்பர்களே. லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் வைர வடிவில் ஒன்றை வெளியிட்டார். அதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள். பத்து வருடத்தில் அமெரிக்காவுக்கே பைத்தியம் பிடித்தது. 1924-ல் முதல் குறுக்கெழுத்துப் புத்தகம் வந்தபோது அதோடு ஒரு பென்சிலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதே வருடம் நியூயோர்க் டைம்ஸ் இதை வீண் வேலை என்று திட்டியது. திட்டிய பத்திரிகையே 1942 பெப்ரவரியில், போர்க்காலத்தில், தானும் ஒன்றைத் தொடங்கியது. லண்டன் டைம்ஸ் 1930 பெப்ரவரி 1-ல் தொடங்கியிருந்தது.

ஆனால் இங்கிலாந்துக்காரர் இதை வேறொன்றாக மாற்றினார்கள். அமெரிக்கப் புதிர் 'இந்தச் சொல்லுக்கு வேறு சொல் என்ன' என்று கேட்கும். இங்கிலாந்தின் மறைபொருள் புதிர் பொய் சொல்லும், ஆனால் நேர்மையாகப் பொய் சொல்லும். ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பாதி. ஒரு பாதி நேரடிப் பொருள். மற்றப் பாதி அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. இரண்டும் ஒரே வாக்கியமாக ஒட்டியிருப்பதால் தையல் எங்கே என்று தெரியாது. தையலைக் கண்டுபிடித்தால் புதிர் விழுந்துவிடும். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. விடை சரியா என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. பொருளும் கட்டுமானமும் ஒரே சொல்லில் சந்தித்தால் அது சரி. விடை தன்னைத்தானே நிரூபித்துக்கொள்ளும்.

இது எவ்வளவு பெரிய விசயம் என்பது நம்முடைய பழைய கதையைப் பார்த்தால் விளங்கும். 1930-களில் தமிழ்நாட்டில் ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியது. பரிசுப் பணம். ஊரெல்லாம் அதே பேச்சு. அந்த வகைப் போட்டிகளில் ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று சொல் பொருந்தும்படி குறிப்பை வைக்கலாம். எது 'சரி' என்பது நடத்துகிறவரின் பெட்டிக்குள் இருக்கும். அறிவுப் போட்டி மெல்ல மெல்லச் சூதாட்டம் ஆகிவிடும். இந்தியாவில் 1955-ல் பரிசுப் போட்டிகளுக்கென்றே ஒரு சட்டம் போட வேண்டி வந்தது. அதில் குறுக்கெழுத்து பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது.

சரி, சேரிடம் திரும்புவோம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டேன். காலையில் ஆள் குறைந்த நேரத்தில் அவர் உட்காருவார். நான் சில்லறை எண்ணிக்கொண்டே கேட்பேன். அவருக்கு உதவி கேட்பதிலும் கொடுப்பதிலும் கடுமையான சட்டம் ஒன்று இருந்தது. விடையைச் சொல்லக்கூடாது. மூன்று படி மட்டும். முதலில், குறிப்பின் எந்தப் பக்கம் நேரடிப் பொருள் என்று விரலால் காட்டலாம். அதற்கும் வராவிட்டால் என்ன வித்தை என்று சொல்லலாம்: கலைத்துப் போட்டதா, உள்ளே ஒளித்ததா, திருப்பிப் போட்டதா, ஒலியில் ஏமாற்றுவதா. அதற்கும் வராவிட்டால் ஓர் எழுத்து. அதற்கு மேல் கிடையாது. "விடையைச் சொன்னால் நான் உங்களிடமிருந்து ஒன்றைத் திருடிவிட்டேன்" என்பார்.

அப்போது பத்திரிகைகளில் கட்டத்துக்குக் கீழேயே ஒரு தொலைபேசி இலக்கம் போட்டிருப்பார்கள். மாட்டிக்கொண்டீர்களா, அழையுங்கள், நிமிடத்துக்கு இவ்வளவு காசு. அழைத்தால் பதிவுசெய்த குரல் விடைகளை வாசிக்கும். சேருக்கு அந்த இலக்கத்தைக் கண்டாலே பிடிக்காது. இப்போது இணையத்தில் ஒரு பொத்தான். 'சரிபார்' என்று ஒன்று, 'காட்டு' என்று ஒன்று. இன்னும் ஒரு படி மேலே போய், குறிப்பை அப்படியே கணினியிடம் கொடுத்தால் அது விடையோடு விளக்கமும் எழுதித் தருகிறது. நானும் அழுத்திப் பார்த்திருக்கிறேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. விடை வந்தது, மகிழ்ச்சி வரவில்லை.

உதவி என்பது புதிர் அவிழ்க்கிறவருக்கு மட்டும் இல்லை, அமைக்கிறவருக்கும் வேண்டும் என்று அவர் ஒரு கதை சொல்வார். 1944 மே மாதம். நேசப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கச் சில வாரங்கள். டெய்லி டெலிகிராப் குறுக்கெழுத்தில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லோட், மல்பெரி, நெப்டியூன் என்று ஒன்றன்பின் ஒன்றாக விடைகள் வருகின்றன. அத்தனையும் படையிறக்கத்தின் இரகசியப் பெயர்கள். உளவுத்துறை புதிர் அமைத்தவரைத் தேடிப் போகிறது. அவர் லெனர்ட் டோ, ஒரு பள்ளித் தலைமையாசிரியர். அவருக்கு ஒன்றும் தெரியாது. பல வருடம் கழித்து, 1984-ல், அவருடைய பழைய மாணவர் ஒருவர் சொன்ன விளக்கம் இது: வெற்றுக் கட்டங்களைச் சொற்களால் நிரப்பும் வேலையை அவர் மாணவர்களிடம் கொடுப்பாராம். பையன்கள் பக்கத்து முகாமில் சிப்பாய்களின் வாயிலிருந்து கேட்ட சொற்களைப் போட்டுவிட்டார்கள். சேர் இதைச் சொல்லிவிட்டு, "ஆசிரியர்கள் உதவி கேட்கும்போது கவனமாக இருக்க வேண்டும்" என்று சிரிப்பார்.

அவர் என்னிடம் கேட்ட உதவிகள் பெரும்பாலும் நம் சொற்கள். தேக்கு, கறி, மாங்காய், சுருட்டு, மிளகுதண்ணீர், கயிறு. இவையெல்லாம் ஆங்கில அகராதிக்குள் போய்க் குடியேறியவை. எங்களைவிட முன்பே விசா வாங்கியவை என்று நான் பகிடி விடுவேன். ஒவ்வொன்றுக்கும் கதை சொல்லுவேன். எனக்குப் பெருமை. கடைக்காரனிடம் பால் கேட்பார்கள், பற்றரி கேட்பார்கள். தன் மொழியை யாரும் கேட்பதில்லை.

இப்படியே போயிருந்தால் இது ஒரு சுகமான கதை. ஒருநாள் வேறொரு சொல் வந்தது. ஒதுக்கப்பட்டவர். ஆறு எழுத்து. சேர் அதை ஏற்கெனவே நிரப்பியிருந்தார். உங்களுக்கும் தெரிந்திருக்கும்: பரையா. அகராதியில் பார்த்துவிட்டு வந்திருந்தார். "இதுவும் உங்கள் மொழி என்று போட்டிருக்கிறதே, உண்மையில் என்ன பொருள்?" என்று கேட்டார்.

"பறை என்றால் ஒரு வகை மேளம். அதை அடிக்கிறவர்கள்" என்றேன். கல்லாவைத் திறந்து சில்லறையை மறுபடி எண்ணத் தொடங்கினேன். அவர் விடவில்லை. "மேளம் அடிக்கிறவர் எப்படி ஒதுக்கப்பட்டவர் ஆனார்?" ஆசிரியர் அல்லவா. நான் "அது பழைய கதை" என்று சொல்லி, வராத வாடிக்கையாளர் ஒருவரைத் தேடி வாசலுக்குப் போனேன்.

பழைய கதை இல்லை, நண்பர்களே. நான் கண்ணால் கண்ட கதை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அப்பப்பா செத்த அன்று பறை அடிக்க வந்தவர்களுக்கு முற்றத்தின் ஓரத்தில் சிரட்டையில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்த பையன் நான். கைபடாமல் வைத்துவிட்டு வரவேண்டும் என்று எனக்குச் சொல்லியனுப்பினார்கள். வைத்துவிட்டு வந்தேன். அதில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய மகன் என் வகுப்பில் படித்தவன்.

மற்றச் சொற்களுக்கெல்லாம் ஓடி ஓடிக் கதை சொன்னவன், இந்தச் சொல்லுக்கு வாயடைத்து நின்றேன். மூன்று நாள். மூன்று நாளும் சேர் வந்தார், பேப்பர் வாங்கினார், அதைப் பற்றிக் கேட்கவில்லை. நாலாவது நாள் நானே சொன்னேன். சிரட்டை, முற்றம், வகுப்பு நண்பன், எல்லாம். உலகத்துக்கு எங்கள் மொழி கொடுத்த சொற்களில் வெள்ளைக்காரர் ஆக அதிகமாகப் பயன்படுத்துவது இதுவாக இருக்கலாம், அதைக் கொடுத்தவர்கள் நாங்கள்தான் என்றேன். கப்பலில் ஏற்றியது அவர்கள். செய்தது நாங்கள்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கள் தேசத்தில் அதற்கு வேறு பாத்திரங்கள் இருந்தன" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, ஆறுதலும் இல்லை. அந்தக் கட்டத்தை அழிக்கவும் இல்லை. குறுக்கே போகிற மற்றச் சொற்கள் அதில் தங்கியிருந்தன. அதை எடுத்தால் மற்றதெல்லாம் பிழைத்துவிடும். நான் அன்றைக்கு ஒன்று விளங்கிக்கொண்டேன். ஒரு சொல்லுக்கு உதவி கேட்டால் அகராதிப் பொருளைக் கொடுப்பது பாதி உதவி. அந்தச் சொல் எந்த முற்றத்திலிருந்து வந்தது என்று சொல்வது மற்றப் பாதி. இரண்டு பாதியும் சந்தித்தால்தான் விடை.

இனிக் கொஞ்சம் நம் மொழியின் பக்கம் வருகிறேன். சேர் ஒருநாள் கேட்டார், "தமிழில் இப்படிச் செய்ய முடியுமா?" எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கிடந்த பழைய புத்தகங்களைத் தேடி, கடைசியில் தண்டியலங்காரத்தில் போய் நின்றேன். பன்னிரண்டாம் நூற்றாண்டு. அதன் சொல்லணிப் பகுதியில் சித்திரகவி வகைகளை அடுக்கியிருக்கிறார்கள். வாசிக்க வாசிக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆங்கிலப் புதிர்க்காரர் இருபதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்த வித்தைகள் வரிசையாக நிற்கின்றன.

அக்கரச் சுதகம் என்று ஒன்று. ஒரு சொல்லில் ஓர் எழுத்தை எடுத்தால் இன்னொரு சொல், அதில் இன்னோர் எழுத்தை எடுத்தால் இன்னொன்று. கவிதை, விதை, தை என்று நான் ஓர் உதாரணம் செய்து பார்த்தேன். இதையே தலைகீழாக, எழுத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எழுத்து வருத்தனம். வினாவுத்தரம் என்பது பல கேள்விகளின் விடைகளைச் சேர்த்து ஒரு சொல்லைக் கட்டுவது. லட்சுமிக்கு இன்னொரு பெயர் என்ன? திரு. பூவிலிருந்து வருவது என்ன? மணம். சேர்த்தால் கலியாணம். பூனை, ஒரு, அம்மா, ஓடினாள் என்ற அதே கட்டுமரம்தான். கரந்துறைச் செய்யுள் என்பது ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைப்பது. மாலைமாற்று என்பது முன்பின்னாக வாசித்தாலும் மாறாதது. இவற்றோடு சிலேடையைச் சேருங்கள். காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டைப் பாடியவர். அவரிடம் ஒரு வெற்றுக் கட்டத்தைக் கொடுத்திருந்தால் லண்டன் பத்திரிகைகள் தாங்கியிருக்காது.

தமிழில் நல்ல மறைபொருள் புதிர்கள் வந்துமிருக்கின்றன. அமெரிக்காவின் தென்றல் இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களை உங்களில் சிலர் போட்டிருப்பீர்கள். ஆங்கிலப் புதிர் நம் ஊருக்கு முன்பே வந்துவிட்டது. சென்னையில் இந்து பத்திரிகை 1971-ல் தன் சொந்தப் புதிரைத் தொடங்கியபோது அதை அமைத்தவர் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ராம் தாஸ் கட்டாரி.

தமிழ்க் கட்டத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு இருபத்தாறு எழுத்தில் ஒன்று. நமக்கு 247-ல் ஒன்று. அமைக்கிறவருக்கு இது நரகம். குறுக்கே வரும் சொல்லில் 'கா' இருக்க, மேலிருந்து கீழே வரும் சொல்லில் 'க' இருந்தால் போதாது. ஆனால் அவிழ்க்கிறவருக்கு வரம். ஓர் எழுத்து கிடைத்தாலே பாதிச் சொல் கிடைத்துவிடும். அதனால் தமிழில் சேரின் மூன்றாவது படியைக் கொடுக்கும்போது இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

சேருக்குக் காட்டுவதற்காக நான் சில குறிப்புகள் செய்தேன். இந்த உரையாடல் பெட்டியில் நீங்கள் விடை எழுதலாம், நான் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முதலாவது: 'கதவு உடைந்தது, நடுநிலை தெரிந்தது', மூன்று எழுத்து. இரண்டாவது: 'தலையிழந்த கவிதை முளைக்கும்', இரண்டு எழுத்து. மூன்றாவது: 'சிவா திரும்பினால் படி', இரண்டு எழுத்து. நாலாவது: 'பூக்காரி கட்டியது, பொழுது சாய்ந்தது', இரண்டு எழுத்து. ஐந்தாவது: 'சட்டியை இறக்கி வை, கையைக் கழுவு, உள்ளே ஓடுது மதுரை ஆறு', இரண்டு எழுத்து.

ஆ, யாரோ இரண்டாவதைப் போட்டுவிட்டார்கள். விதை, சரி. நாலாவது மாலை, அதுவும் சரி. ஐந்தாவதில் 'வை, கை' என்று அருகருகே கிடக்கிறது, கண்டுபிடித்துவிட்டீர்கள். மூன்றாவதில் 'படி' என்றதும் எல்லோரும் மாடிப்படிக்குப் போவீர்கள். சிவாவைத் திருப்புங்கள், வாசி. முதலாவதுக்கு யாரும் வரவில்லை. விடையைச் சொல்லமாட்டேன், வழி சொல்கிறேன். நேரடிப் பொருள் 'நடுநிலை'. வித்தை, 'உடைந்தது' என்றால் எழுத்துகளைக் கலையுங்கள். கதவின் மூன்று எழுத்து. வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் பயன்படுத்திய சொல். ஆ, வந்துவிட்டது பாருங்கள், தகவு. இப்போது பெட்டியில் ஒருவர் 'அட' என்று எழுதியிருக்கிறார். அந்த 'அட' தான் முழு விளையாட்டும். நான் முதலிலேயே விடையைச் சொல்லியிருந்தால் அது உங்களுக்குக் கிடைத்திருக்காது.

சேரின் கண் கெடத் தொடங்கியது 2010 வாக்கில். விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிற வியாதி. ஓரம் தெரியும், நடு தெரியாது. கட்டத்தின் கறுப்பு விளிம்பு தெரியும், பார்க்கிற எழுத்து மறைந்துவிடும். அப்போதிருந்து நான் குறிப்புகளைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். அதில் ஒரு வேடிக்கை. ஒலியில் ஏமாற்றும் குறிப்புகள் என் வாயில் உடைந்துவிடும். எனக்கு 'வ' ஒன்றுதான். திராட்சை ரசமும் திராட்சைக் கொடியும் எனக்கு ஒரே 'வைன்'. சேர் சிரித்துச் சிரித்து இருமுவார். "இந்த ஒற்றுமையை எந்தப் புதிர்க்காரரும் கண்டுபிடித்ததில்லை" என்பார். நாற்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர் என் உச்சரிப்பை ஒருநாளும் திருத்தவில்லை.

2013 ஜனவரியில் ஒரு காலை. கார்டியன் பத்திரிகையில் 1958 முதல் புதிர் அமைத்து வந்த ஒருவருக்கு அரௌக்காரியா என்று புனைபெயர். ஜோன் கிரகாம், ஒரு பாதிரியார், அப்போது வயது தொண்ணூற்றொன்று. சேருக்கு அவர் குலதெய்வம் மாதிரி. அன்றைய புதிரின் மேலே ஒரு முன்குறிப்பு இருந்தது. எனக்கு இன்ன இலக்கக் கட்டத்தில் உள்ளது வந்திருக்கிறது, அது இன்ன இலக்கத்தில் இருக்கிறது, அதற்கு இன்ன சிகிச்சை நடக்கிறது என்ற பொருளில். எல்லாம் இலக்கங்கள். நான் வாசிக்க வாசிக்கச் சேர் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் சொல் விழுந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் கை நின்றுவிட்டது. புற்றுநோய். அடுத்தது உணவுக்குழாய். அடுத்தது நோவு தணிக்கும் பராமரிப்பு. ஒரு மனிதர் தான் சாகப்போவதைத் தன் வாசகர்களுக்குக் குறுக்கெழுத்தில் அறிவித்திருந்தார். அதே வருடம் நவம்பரில் அவர் இறந்தார்.

கடைக்குள் ஒரு பெண் பால் வாங்க நின்றாள். நான் பணம் வாங்க மறந்துவிட்டேன். சேர் சொன்னார்: "யாரையும் திடுக்கிட வைக்காமல் சொல்லியிருக்கிறார். ஒவ்வொருவரும் தங்கள் வேகத்தில் போய்ச் சேருகிற மாதிரி." எனக்கு அது பெரிய பாடம். ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் சாவுச் செய்திகளை நாங்கள் எப்படி வாங்கினோம் என்று உங்களுக்குத் தெரியும். விடை முதலில் வந்து முகத்தில் அடிக்கும். வழி பிறகுதான் தெரியும், சிலவேளை தெரியாமலே போகும்.

அதற்குப் பிறகு சேருக்கு ஞாபகமும் தேயத் தொடங்கியது. முதலில் சொற்கள் தாமதமாக வந்தன. பிறகு நேற்றுப் போட்ட குறிப்பை மறந்தார். நான் அவருடைய சட்டத்தையே அவருக்குப் பயன்படுத்தினேன். நேரடிப் பொருள் இந்தப் பக்கம், சேர். எழுத்துகளைக் கலைத்திருக்கிறார்கள், சேர். முதல் எழுத்து இது. ஒரு குறிப்புக்குச் சிலவேளை அரை மணி நேரம் போகும். கடையில் ஆட்கள் பொறுமை இழப்பார்கள். என் மனைவி, "பாவம் மனுசன், சொல்லிவிடுங்கோவன்" என்பா. நான் சொல்லவில்லை. திருடக்கூடாது என்று பிடிவாதம்.

கடைசியாக அவர் கடைக்கு வந்த நாட்களில் ஒன்று. குறிப்பின் விடை தோட்டம், 'கார்டன்'. 'டேஞ்சர்' என்ற சொல்லின் எழுத்துகளைக் கலைத்திருந்தார்கள். ஆபத்தைக் குலைத்தால் தோட்டம். லேசானது. ஒரு காலத்தில் பணத்தை நீட்டும்போதே முடித்திருப்பார். நான் முதல் படி சொன்னேன். இரண்டாம் படி சொன்னேன். எழுத்தும் சொன்னேன். அவர் என் முகம் இருக்கும் திசையைப் பார்த்து, களைத்துப்போய், "இன்றைக்கு விடையைச் சொல்லுங்கள்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. பதினைந்து வருடத்தில் முதல் தடவை. சொன்னேன். என் கையாலேயே கட்டத்தில் எழுதினேன். திருடிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கேட்டார்: "சரி. எப்படி வந்தது?"

விடை கைக்கு வந்த பிறகும் மனிதர் வழியைக் கேட்டார். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். கடைசி எழுத்துக்கு வந்ததும் அவர் "ஆ" என்றார். அதே பழைய "ஆ".

அப்போது நான் கேட்டேன், நெடுநாள் மனதில் இருந்த கேள்வி. "சேர், முதன்முதலாக என்னிடம் ஒரு படகு கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா?" அவருக்கு நேற்று மறந்திருந்தது, அது மறக்கவில்லை. "கேட்டமரான்" என்றார். "அது எனக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. ஒரு வருடமாக 'குட் மோர்னிங்' மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை."

உதவி கேட்கிற எல்லோருக்கும் விடைதான் தேவை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் 2015-ல் இறந்தார். அடுத்த வருடம் நான் கடையைக் கொடுத்துவிட்டேன். ஸ்டூல் என்னோடு வந்திருக்கிறது. இப்போது அதில் என் பேத்தி உட்காருகிறாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தட்டும். நான் தமிழ்க் குறிப்பு செய்து கொடுப்பேன். மாட்டிக்கொண்டால், "அப்பப்பா, சொல்லுங்கோ" என்பாள். சொல்லமாட்டேன். விரலால் ஒரு பாதியைக் காட்டுவேன். சென்ற கிழமை 'பறை' வந்தது. சொல்லு, பேசு என்றும் அதற்குப் பொருள் உண்டு, மேளம் என்றும் உண்டு. அவள் விடையைப் போட்டாள். பிறகு, நான் எழும்பிப் போகாமல், அந்த முற்றத்தின் கதையையும் சொன்னேன்.